கரூசோவின் பாட்டும் லொவானோவின் சாக்ஸபோனும்: ‘வீவா கரூசோ’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன ஆல்பம்?

அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜோ லொவானோ 2002-இல் ப்ளூ நோட் நிறுவனத்துக்காக வெளியிட்ட ஆல்பம் ‘வீவா கரூசோ’. இத்தாலிய ஓபராப் பாடகர் என்ரிக்கோ கரூசோ பாடிப் புகழ்பெற வைத்த பாட்டுகளை எடுத்து, டெனர் சாக்ஸபோனில் ஜாஸாக வாசித்திருக்கிறார். ஓபராவில் ஒருவர் தனித்துப் பாடும் பாட்டான ஆரியாவும் உண்டு, நேப்பிள்ஸ் நகரத்துப் பாட்டுகளும் உண்டு: ‘வெஸ்தி லா ஜூப்பா’, ‘ஓ சோலே மியோ’, ‘சாந்தா லுச்சீயா’, ‘சியேலோ துர்கீனோ’, இன்னும் சில. இசையமைப்பை விரித்து எழுதிக் கொடுத்தவர் பைரன் ஓல்சன்.

ஜாஸ் கேட்பவர்கள் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஓபரா கேட்பவர்கள் பக்கத்திலேயே வருவதில்லை. இரண்டு பக்கத்தாரிடமிருந்தும் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கரூசோ யார்?

1873-இல் நேப்பிள்ஸில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த டெனர் (ஆண்களின் உச்சக் குரல்) பாடகர். 1903 நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா மேடையில் முதன்முதலாகப் பாடினார். அடுத்த பதினேழு ஆண்டுகளில் அங்கே மட்டும் 800-க்கும் மேற்பட்ட தடவை பாடினார். 1921 ஆகஸ்டில் சொந்த ஊரிலேயே இறந்தபோது வயது 48.

ஆனால் அவர் பெயர் இன்றும் நிலைத்திருப்பதற்கு மேடை காரணமல்ல, இசைத்தட்டுதான். 1902 ஏப்ரலில் மிலான் நகர ஹோட்டல் அறை ஒன்றில் 10 பாட்டுகளை நூறு பவுண்டுக்குப் பாடிக் கொடுத்தார். கிராமபோன் என்பது விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. பெரிய பாடகர்கள் பலர் அதன் பக்கம் வரத் தயங்கினார்கள். கரூசோவின் தட்டுகள் விற்ற விற்பனையைப் பார்த்த பிறகு அந்தத் தயக்கம் போய்விட்டது. ஓபரா அரங்கத்தை வாழ்நாளில் பார்த்திராத கோடிக்கணக்கானவர்களின் வீட்டுக்குள் அந்தக் குரல் நுழைந்தது. லொவானோவின் ஆல்பம் இந்தத் தட்டுகளிலிருந்துதான் பிறக்கிறது. ‘இத்தாலிய ஓபரா’ என்ற பெரிய மரபை அவர் மறுவாசிப்புச் செய்யவில்லை. ஒரு மனிதன் பாடிவைத்த பாட்டுகளை, அந்த மனிதனின் மூச்சோடு சேர்த்துக் கேட்கிறார்.

ஓபரா பாடகர் தெருப்பாட்டும் பாடினாரா?

பாடினார், தாராளமாகவே பாடினார். இந்த ஆல்பத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த சாவி இதுதான்.

ஓபரா என்றால் கனவான்கள் கோட்டு சூட்டோடு போய் உட்கார்ந்து கேட்பது, நேப்பிள்ஸ் பாட்டு என்றால் படகோட்டியும் கடைக்காரரும் முணுமுணுப்பது என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். கரூசோவின் தட்டுகளில் அந்தப் பிரிவு கிடையாது. ஓபரா இசையமைப்பாளர் வெர்தியின் பாட்டுகளைப் பாடிய அதே விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்கு, அதே சிவப்பு லேபிளில், 1916-இல் ‘ஓ சோலே மியோ’வும் ‘சாந்தா லுச்சீயா’வும் பாடினார். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் அமெரிக்கப் படைவீரர்களுக்கான அணிவகுப்புப் பாட்டையும் பாடினார், அதுவும் இத்தாலிய உச்சரிப்பு மாறாத ஆங்கிலத்தில்.

சொந்த ஊரோடு அவருக்கு இருந்த உறவும் சுலபமானதல்ல. 1901-இல் நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்கில் பாடியபோது கிடைத்த வரவேற்பு அவரைப் புண்படுத்தியது. இனி இந்த ஊரில் மேடையேறுவதில்லை என்று முடிவெடுத்தார், சாகும்வரை அதைக் காப்பாற்றினார். ஊரின் பாட்டை மட்டும் விடவில்லை. நேப்பிள்ஸில் பாடாமல், அந்த ஊர் மொழிப் பாட்டுகளை நியூ ஜெர்சியில் ஒலிப்பதிவுக் குழலின் முன் நின்று பாடினார். கப்பலேறி வந்து அமெரிக்காவில் கூலி வேலை செய்த தெற்கு இத்தாலியர்கள் காசு சேர்த்து அந்தத் தட்டுகளை வாங்கினார்கள். அந்தக் குடியேறிகளின் பேரப்பிள்ளைகளில் ஒருவர்தான் ஜோ லொவானோ.

லொவானோவுக்கு இந்த ஆசை எப்படி வந்தது?

1952-இல் ஓஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில், சிசிலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். அப்பா டோனி லொவானோ பகலில் முடிதிருத்துவார், இரவில் டெனர் சாக்ஸபோன் வாசிப்பார். ஊரில் அவருக்கு ‘பிக் டி’ என்று பெயர். மகனுக்கு முதல் வாத்தியார் அவர்தான்.

பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படிப்பு, வுடி ஹெர்மனின் பெரிய இசைக்குழு, பிறகு நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் கிளப்பில் மெல் லூயிஸ் குழு, அப்புறம் டிரம்மர் பால் மோஷனோடும் கிதார் கலைஞர் பில் ஃப்ரிஸெலோடும் பல ஆண்டுகள் நீடித்த மூவர் குழு என்று வளர்ந்தவர். 1990களில் ஃபிராங்க் சினாட்ரா பாடிய பாட்டுகளை வைத்து ஓர் ஆல்பம் செய்தார். ஒரு பாடகரின் பாட்டுப்பட்டியலை எடுத்து அவர் பாடிய விதத்தையே பாடமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கேயே தெரிகிறது. சினாட்ராவும் இத்தாலியக் குடியேறிகளின் மகன்தான். அங்கிருந்து கரூசோவுக்குப் போவது பெரிய தூரமில்லை.

ஜாஸுக்கும் ஓபராவுக்கும் என்ன சம்பந்தம்? வலிந்து சேர்த்தது போல இருக்கிறதே?

வலிந்து சேர்க்கத் தேவையே இல்லை, ஆரம்பத்திலிருந்தே சேர்ந்துதான் இருக்கிறது.

ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸ் ஓர் ஓபரா நகரம். அங்கிருந்த பிரெஞ்ச் ஓபரா ஹவுஸ் 1859-இல் திறந்து 1919-இல் எரிந்துபோகும்வரை ஓபரா மெட்டுகள் அந்த ஊர்க் காற்றில் இருந்தன. அந்த ஊர் ஜாஸ் முன்னோடி ஜெல்லி ரோல் மோர்ட்டன் 1938-இல் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்துக்காகத் தன் வாழ்க்கையைச் சொல்லிச் சொல்லிப் பியானோ வாசித்தபோது, வெர்தியின் ‘இல் த்ரொவத்தோரே’விலிருந்து ‘மிசரேரே’யை முதலில் எழுதியபடியும் பிறகு தன் பாணியில் துள்ளவைத்தும் காட்டினார். லூயி ஆர்ம்ஸ்ட்ராங் இளைஞனாக முதன்முதலில் கிராமபோன் வாங்கியதும் சேர்த்த தட்டுகளில் கரூசோவும் இருந்தார். அதை அவரே எழுதியிருக்கிறார். அவருடைய ட்ரம்பெட் உச்ச ஸ்தாயிக்கு ஏறும்போது, ஏறுவதற்கு முன் அவர் கூட்டுகிற எதிர்பார்ப்பையும், உச்சியில் போய் நின்று அந்தச் சுரத்தை அதிரவிடுவதையும் கேளுங்கள். ஓபரா டெனர் ஒருவர் ஆரியாவை முடிக்கும் முறை அதுதான்.

வழக்கு வரைக்கும் போன கதையும் உண்டு. 1920-இல் வந்த ‘அவலான்’ என்ற பாட்டு பின்னாளில் ஜாஸ்காரர்களுக்கு அன்றாட உருப்படி ஆனது. அதன் மெட்டு இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் ‘தோஸ்கா’ ஓபராவில் வரும் ஓர் ஆரியாவிலிருந்து வந்தது என்று புச்சீனியின் பதிப்பாளர்கள் வழக்குத் தொடுத்து 25,000 டாலர் வாங்கினார்கள்.

ஆகவே லொவானோ செய்தது புதிய திருமணம் அல்ல, பழைய சொந்தத்தை ஊரறியச் சொன்னதுதான்.

ஏன் டெனர் சாக்ஸபோன்? வயலின் பொருந்தாதா?

பொருந்தும். ஆனால் டெனர் சாக்ஸபோனின் ஒலி எல்லைக்குள் டெனர் குரலின் எல்லை முழுவதும் அடங்கிவிடுகிறது. கீழே இன்னும் கொஞ்சம், மேலேயும் கொஞ்சம் இடம் மிச்சம். தவிர, அதை ஓட்டுவது மூச்சு. பாடகருக்கு வாக்கியத்தின் நடுவில் எங்கே மூச்சு தீருமோ, சாக்ஸபோன்காரருக்கும் அங்கேதான் தீரும். வில் வைத்து வாசிப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

லொவானோவின் நாதம் இதற்கென்றே அமைந்தது போன்றது. விளிம்பில் காற்று கலந்த, பருத்த, கொஞ்சம் புகைமூட்டமான ஒலி. மெதுவான பாட்டில் சுரம் தொடங்குவதற்கு முன்பே மூச்சு கேட்டுவிடும்.

‘வெஸ்தி லா ஜூப்பா’வில் அப்படி என்ன இருக்கிறது?

இது லியோன்கவல்லோ எழுதிய ‘பாலியாச்சி’ ஓபராவில் வருவது. அது 1892 மே மாதம் மிலானில் அரங்கேறியது. இசைக்குழுவை நடத்தியவர் இளம் தோஸ்கனீனி. ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழுவின் தலைவன் கானியோ. கோமாளி வேடம் கட்டுபவன். தன் மனைவிக்கு வேறொருவனோடு உறவு இருப்பது அன்று பிற்பகல்தான் அவனுக்குத் தெரியவருகிறது. மாலையில் நாடகம், சனங்கள் கூடிவிட்டார்கள். முகத்தில் மாவு பூசிக்கொள்ளும்போது அவன் பாடுவது இந்த ஆரியா. ‘சட்டையை மாட்டு, முகத்தில் மாவைப் பூசு, சனங்கள் காசு கொடுக்கிறார்கள், அவர்களுக்குச் சிரிக்கவேண்டும்’ என்கிறது பாட்டு. ‘சிரி, கோமாளியே, எல்லாரும் கைதட்டுவார்கள்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான்.

கரூசோ இதை மூன்று தடவை பதிவு செய்தார். 1902-லும் 1904-லும் பியானோ பக்கவாத்தியத்தோடு, 1907-இல் இசைக்குழுவோடு. 1907 பதிவை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய. முதலில் பேச்சும் பாட்டும் கலந்த முன்பகுதி. ‘நீ மனிதனா?’ என்று தன்னையே கேட்டுவிட்டு ஒரு கசந்த சிரிப்புச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு சுரத்தில் இல்லை, தொண்டையில் இருக்கிறது. பிறகு மெதுவாக ஆரியா தொடங்குகிறது. ‘ரீதி, பாலியாச்சோ’ என்ற வரிக்கு வரும்போது குரலை முழுதாகத் திறந்துவிடுகிறார். தாளத்தை அப்படியே ஓரமாக நிறுத்திவைத்து, அந்தச் சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டுமோ அவ்வளவு நேரம் நிற்கிறார். இசைக்குழு காத்திருந்து பின்னால் வருகிறது. முடிவில் விம்மல்.

தாளத்துக்கு முன்னே ஓடுவது, பின்னே தங்குவது, சுரத்தை நேராகப் பிடிக்காமல் கீழிருந்து வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்வது எல்லாமே ஜாஸ் சாக்ஸபோன்காரர் தினமும் செய்கிற காரியங்கள். லொவானோவுக்குக் கரூசோவிடமிருந்து வந்தது மெட்டு மட்டுமல்ல, அந்த மெட்டைக் கையாளும் சுதந்திரமும்தான்.

ஆனால் இந்த ஆரியா ஜாஸ்காரருக்குச் சிக்கலான சரக்கு. ஜாஸில் மனோதர்மம் வாசிக்க ஒரு சுற்று வேண்டும். 32 தாளக்கட்டங்கள் கொண்ட பாட்டு முடிந்ததும் அதே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) மறுபடி வரும், அதன்மேல் புதிதாகக் கட்டிக்கொண்டே போகலாம். இந்த ஆரியாவில் சுற்று கிடையாது. கானியோவின் மனம் போகிற வழியில் போகிறது, உடைகிற இடத்தில் முடிகிறது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினால் அவன் அழுகைக்கு அர்த்தமில்லாமல் போகும். எனவே இப்படிப்பட்ட உருப்படியைத் தொடுகிற எந்த ஜாஸ் கலைஞரும், மெட்டை எங்கே விடுவது, எங்கே திறந்தவெளி உண்டாக்குவது, எப்படித் திரும்பி வருவது என்று தானே முடிவு செய்தாகவேண்டும். ஓல்சனின் எழுத்துவேலைக்கு இங்கேதான் மதிப்பு.

வார்த்தையே இல்லாமல் ஓபராவில் என்ன மிஞ்சும்?

தமிழ் ரசிகருக்கு இந்தக் கேள்வி வருவதே எனக்கு ஆச்சரியம். நாகஸ்வரத்தில் கீர்த்தனை கேட்கும்போது சாகித்யம் தெரிந்தவர் மனத்துக்குள் பாடிக்கொண்டே கேட்பார், தெரியாதவர் ராகத்தில் நனைவார். இரண்டு பேருக்கும் குறை இல்லை. கத்ரி கோபால்நாத் அதே கீர்த்தனைகளை ஆல்டோ சாக்ஸபோனில் வாசித்தபோதும் அப்படித்தான் கேட்டோம். ஜாஸ்காரர்களும் அவரைத் தேடி வந்தார்கள். நியூயார்க்கின் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு அவர் சேர்ந்து செய்த ஆல்பம் 2008-இல் வந்தது.

லொவானோ வாசிக்கும்போது இத்தாலிய மெய்யெழுத்துகளின் அடி போய்விடுகிறது, அது உண்மையான இழப்பு. ஆனால் வாய்க்குள் இருக்கும் நாணல் தகடான ரீடை நாக்கால் தொட்டு எடுப்பதும், தொடாமல் மூச்சாலேயே சுரத்தை மாற்றுவதுமாக அவர் வேறுபாடு காட்டுகிறார். அந்த இடங்களில் அசை பிரிவது கேட்கும். சில இடங்களில் அவர் மனைவி ஜூடி சில்வானோவின் குரலும் சேர்ந்துகொள்கிறது.

ஏன் சில பாட்டுகளில் பெரிய குழு, சிலவற்றில் சின்னக் குழு?

திட்டமிட்டே அப்படி. லொவானோ இரண்டு குழுக்களை அமைத்தார். ஒன்றின் பெயர் ‘ஓபரா ஹவுஸ் என்சாம்பிள்’, இன்னொன்று ‘ஸ்ட்ரீட் பேண்ட்’. முதலாவதில் ஓல்சன் எழுதிய காற்றுக்கருவிகளின் அடுக்கு. இரண்டாவதில் கில் கோல்ட்ஸ்டைனின் அக்கார்டியன், பேஸ், டிரம்ஸ் என்று திருவிழா வீதியின் சத்தம். டிரம்ஸில் ஜோயி பேரனும், கிளீவ்லாந்திலிருந்தே லொவானோவின் தோழரான கார்மன் காஸ்டால்டியும் இருக்கிறார்கள்.

அரங்கம் ஒரு பக்கம், தெரு ஒரு பக்கம். நடுவில் நடந்து போய்வருவது ஒரே சாக்ஸபோன். கரூசோவின் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு இடங்களுக்கு நடுவில்தான் நடந்தது. அதை விளக்கிச் சொல்லாமல் குழு அமைப்பிலேயே காட்டியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எனக்குத் தெருக்குழுவின் பாட்டுகள் ஒரு படி மேல். அக்கார்டியன் விரிகிற சத்தம் கேட்டாலே லொவானோவின் தோள் தளர்ந்துவிட்டது போல இருக்கும்.

‘ஓ சோலே மியோ’ எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. அதில் புதிதாக என்ன செய்ய முடியும்?

1898-இல் எதுவார்தோ தி காப்புவா மெட்டமைத்து, ஜொவான்னி காப்புர்ரோ எழுதியது. மொழி இத்தாலியம் அல்ல, நேப்பிள்ஸ் மொழி. 1960-இல் எல்விஸ் பிரெஸ்லி வேறு வார்த்தைகளில் பாடி உலகம் முழுக்க விற்றார். விளம்பரம், ஐஸ்கிரீம் வண்டி, கல்யாண வீடு என்று இது நுழையாத இடமில்லை. தேய்ந்த பாட்டுதான்.

ஆனால் உள்ளே ஒரு ரகசியம் இருக்கிறது. பல்லவிபோல் வரும் பகுதியில் வெயில் அடிக்கிற மேஜர் கார்டுகளே ஓடிக்கொண்டிருக்கும். ‘ஓ சோலே, ஓ சோலே மியோ’ என்று இரண்டாம் முறை அழைக்கிற இடத்தில் சட்டென்று நான்காம் கார்டு மைனராகும். ஒரு கணம் நிழல் விழுந்து, உடனே பழைய வெளிச்சம் திரும்பிவிடும். கரூசோ பாடும்போது குரலின் பளபளப்பில் அந்த நிழலைத் தவறவிட்டுவிடலாம். ஜாஸ்காரருக்கு அந்த ஒரு கார்டு போதும், அங்கேயே வீடு கட்டிக்கொள்வார். சாக்ஸபோனில் கேட்கும்போது இந்த இடத்துக்குக் காத்திருங்கள்.

இன்னொரு வசதி, இது சுற்றுள்ள பாட்டு. சரணம், பல்லவி, மறுபடி சரணம். ஆரியாவில் இல்லாத மனோதர்ம வெளி இங்கே தானாகக் கிடைக்கிறது. நேப்பிள்ஸ் பாட்டுகள் ஓபராவைவிட ஜாஸுக்குச் சுலபமாக உட்காருவதற்குக் காரணம் இதுவே.

ஓபராவை இப்படி மாற்றுவது அதைக் கெடுப்பதாகாதா?

ஆகாது என்பதே என் உறுதியான கருத்து. நாலு நிமிடத்தில் முடிகிற தட்டுக்காக ஆரியாவை நாடகத்திலிருந்து தனியாகப் பிய்த்து எடுத்தது கரூசோவின் தலைமுறை. மைக் இல்லாத காலம். பெரிய குழலுக்குள் பாடவேண்டும், உச்ச சுரத்துக்குப் பின்னால் நகரவேண்டும், வயலின்கள் சரியாகப் பதிவாகாததால் இசைக்குழுவில் காற்றுக்கருவிகளை அதிகம் வைக்கவேண்டும். அந்தத் தட்டே ஒரு மறுஆக்கம்தான். லியோன்கவல்லோ எழுதிய ஒலி அதில் இல்லை, ஆனாலும் பாட்டு உயிரோடு இருக்கிறது.

கெடுப்பது என்றால் வேறு. மெட்டுக்கு அடியில் ஒரு மெத்தென்ற தாளத்தைப் போட்டு, வலியை எடுத்துவிட்டு, உணவகப் பின்னணியாக ஆக்குவது. அப்படிப்பட்ட ஆல்பங்கள் கடைநிறைய உண்டு. லொவானோவிடம் அந்த மெத்தனம் கிடையாது. இனிமை தெவிட்டப்போகிறது என்று தோன்றும் இடத்தில் அவர் சுரத்தைக் கரடுமுரடாக்கிவிடுகிறார். துணிச்சலான ஜாஸ் சாக்ஸபோன்காரர்களான கோல்ட்ரேனையும் ஆர்னெட் கோல்மனையும் கேட்டு வளர்ந்தவர் அல்லவா.

எனக்கு ஓபராவும் தெரியாது, ஜாஸும் தெரியாது. எங்கே தொடங்குவது?

முதலில் கரூசோவின் 1907 ‘வெஸ்தி லா ஜூப்பா’வைக் கேளுங்கள். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் ‘நேஷனல் ஜூக்பாக்ஸ்’ இணையதளத்தில் விக்டர் நிறுவனத்தின் பழைய தட்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கரகரப்பு முதல் நிமிடம் உறுத்தும், அப்புறம் காது தானே ஒதுக்கிவிடும். பிறகு அதே பாட்டை லொவானோவிடம் கேளுங்கள். ஒரே நாளில் முழு ஆல்பத்தையும் கேட்கவேண்டியதில்லை. ஒரு பாட்டு அவரிடம், ஒரு பாட்டு இவரிடம் என்று ஜோடி ஜோடியாகப் போங்கள். ஆரியா கனமாக இருந்தால் ‘சாந்தா லுச்சீயா’வில் தொடங்குங்கள். அது படகுப்பாட்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகும்.

இதே வழியில் வேறு என்ன கேட்கலாம்?

இத்தாலிய ட்ரம்பெட் கலைஞர் என்ரிக்கோ ராவா 1990களில் ஓபரா மெட்டுகளை வைத்துச் செய்த ‘ராவா லோபெரா வா’. அதில் ‘தோஸ்கா’ வரும் இடம் அருமை. பியானோ கலைஞர் யூரி கெய்ன் வெனிஸ் நகரச் சதுக்கத்துக் காபிக்கடையில் ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் வாக்னரின் இசையைச் சின்னக் குழுவோடு வாசித்த 1997 ஆல்பமும் நல்ல துணை. அமெரிக்கப் பக்கம் என்றால், கெர்ஷ்வினின் ‘போர்கி அண்ட் பெஸ்’ ஓபராவை ஜாஸ் கலைஞர்கள் மைல்ஸ் டேவிஸும் கில் எவன்ஸும் 1958-இல் பதிவு செய்ததைக் கேட்காமல் விடக்கூடாது. இந்த மூன்றில் லொவானோவுக்கு மனத்தளவில் மிக நெருக்கமானது ராவாவின் ஆல்பம், அதை முதலில் கேளுங்கள்.